பதில் போன வாசல்

மெஸ்தியாவில் பனி தொடங்கி நான்காம் இரவு.
மலைப்பாதை திறந்திருக்கிறதா என்று சொல்லும் பக்கம்
மாலை ஐந்திலிருந்து யாருக்கும் வரவில்லை.
யாருக்கும் என்றால், வெளியே இருப்பவர்களுக்கு.
எனக்கு வருகிறது.
இந்த மேசையில், அடுத்த அறையில்,
இரவுக் காவலுக்கு வந்த இவ்திதியின் கைப்பேசியில்கூட.
உள்ளே உட்கார்ந்திருப்பவளுக்கு
வாசல் அடைத்தது எப்படித் தெரியும்?

தொலைபேசி அடித்துத்தான் தெரிந்தது.
"சுத்துது நடேலா, சுத்திக்கிட்டே இருக்கு" என்கிறான்
கைஷியில் மாவு லாரியை ஓரங்கட்டிய முர்சகான்.
திரையைப் பார்த்துப் படிக்கிறேன்:
மூடியிருக்கிறது. இருபத்தாறாம் கிலோமீட்டரில் பனிச்சரிவு.
அடுத்த அழைப்பு. மூடியிருக்கிறது.
அடுத்தது. மூடியிருக்கிறது, பனிச்சரிவு.
ஒரு பெட்டி செய்யவேண்டிய வேலையை
ஒன்பது மணிவரை என் தொண்டை செய்தது.

எங்கள் கல் கோபுரங்களுக்குத் தரையில் கதவு கிடையாது.
இரண்டாள் உயரத்தில் ஒரு திறப்பு.
ஏணியை மேலே இழுத்துக்கொண்டால்
வந்தவன் கீழேயே நிற்கவேண்டியதுதான்.
ஃபயர்வால் என்றால் என்னவென்று
எனக்கு யாரும் படம் போட்டு விளக்கவில்லை.
புதுப் பெட்டியை இன்று மாலை நான்தான் மாட்டினேன்.
ஊருக்குச் சொல்லும் முகவரி ஒன்று.
உள்ளே, வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு:
பத்து, இருபது, பூஜ்யம், எட்டு.
அதைக் கேட்டு வருபவனை இதனிடம் அனுப்பு.
விதி ஒரே வரி. ஐந்து தடவை அழித்து எழுதினேன்.
ஆறாவது தடவையும் அதே வரிதான் வந்தது.

பதினொன்றுக்கு, வெட்கத்தோடு சொல்கிறேன்,
எல்லோரும் எல்லா வழியிலும் வரலாம் என்று எழுதினேன்.
ஏழு நிமிடம்.
பாதை பற்றி ஒன்றும் கேட்காத யார் யாரோ
எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்து
தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார்கள்.
முர்சகானுக்கு மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.
அழித்தேன்.

பிறகு ஊகிப்பதை விட்டுவிட்டு
பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க உட்கார்ந்தேன்.
காதால் கேட்பதும் பொய், கண்ணால் காண்பதும் பொய்.
தீர விசாரிக்க ஒரு கேபிளும் ஆறிப்போன தேநீரும் போதும்.

வெளியிலிருந்து தட்டல் வருகிறது.
புதுப் பெட்டி பெயரை மாற்றி உள்ளே அனுப்புகிறது.
கணக்கில் ஒன்று கூடுகிறது: நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.
சர்வர் கேட்கிறது.
சர்வர் பதிலும் சொல்கிறது.
அந்தப் பதில் மட்டும்
புதுப் பெட்டிக்குத் திரும்பி வரவேயில்லை.

சொன்னது எங்கே போகும்?

அடுப்பில் விறகு வைத்துக்கொண்டே இவ்திதி,
"இந்தப் பூனை ஏன் கணப்பை விட்டுட்டு
அலமாரிக்கடியில போய்ப் படுக்குது?" என்றாள்.
குனிந்தேன்.
கழற்றிவிட்டதாக நான் நினைத்த பழைய ரூட்டர்மேல்
வயிறு பரப்பித் தூங்குகிறது.
பக்கத்தில் கை வைத்தேன். சூடு.

அவசரத்துக்கென்று வைத்த ரேடியோ இணைப்பில்
அது இன்னும் உயிரோடிருந்தது.
வெளியே போகும் வழி எது என்று சர்வரைக் கேட்டால்
அதன் எண்ணைத்தான் சொன்னது.
ஆறு வருடப் பழக்கம்.
கேள்வி முன்வாசலில் வர
பதில் கொல்லைவாசலில் போயிருக்கிறது,
வேறொரு முகவரியைப் போட்டுக்கொண்டு.
கைஷியில் ஒரு கைப்பேசி,
நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லையே என்று
அதைக் கீழே போட்டிருக்கிறது,
மாலை முழுக்க, ஒவ்வொரு தடவையும்.

சர்வரில் ஓர் எண்ணை மாற்றினேன்.
ஒன்று இருந்த இடத்தில் இருநூற்று ஐம்பத்துநான்கு.
பூனையை எழுப்பவில்லை.

தொலைபேசி அடிக்கவில்லை.
இரண்டு நிமிடம். ஐந்து.
இவ்திதி எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள்,
செத்துவிட்டதா என்று.

பிறகு ஒரே ஒரு தடவை.
"வந்துடுச்சு. மூடியிருக்குன்னு போட்டிருக்கு."
அதைத்தானே முர்சகான், எட்டு மணிக்கே சொன்னேன்.
"நீ சொன்னே. இப்ப அதுவே சொல்லுது" என்றவன்
எஞ்சினை அணைப்பது கேட்டது.