பல்லைப் பிடித்துப் பார்த்தல்

கர்ட் க்வாம்மே அதை டிரெய்லரில் கட்டிக்கொண்டு வந்தான்.
அக்டோபர். சோயா அறுவடைத் தூசி
விஸ்கான்சின் முழுக்க மிதந்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்.
"வயசு தெரியணும். அவ்வளவுதான்.
அறுபத்து நாலுன்னு எழுதிக் குடு."

வயதைக் கேட்டு வருபவர்கள்
எண்ணையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள்.

தோட்டத்து டிராக்டர். பத்துக் குதிரைத் திறன்.
கோடையில் புல், குளிரில் பனி.
வயல் டிராக்டர் பக்கத்தில் நிறுத்தினால் கன்றுக்குட்டி.
நிஜக் கன்றாக இருந்தால்
பல்லைப் பிடித்துப் பார்த்திருப்பேன்.

முதலில் தகடு.
இருக்கைக்குக் கீழே, இடது பக்கம்,
தகடு இல்லை.
இரண்டு ரிவெட் துளைகள் மட்டும்,
கம்மல் கழற்றிய காது.
ஸ்கேல் வைத்து இடைவெளியை அளந்தேன்:
இரண்டேகால் அங்குலம்.
எழுபதுக்குப் பிறகு அந்தக் கம்பெனி
பெரிய தகட்டுக்கு மாறிவிட்டது.

நகத்தால் சுரண்டினேன்.
மேலே டப்பாவில் விற்கும் பச்சை,
கீழே ஆரஞ்சு, பிரைமர்,
அதற்கும் கீழே வெண்ணெய் போல ஒரு மஞ்சள்,
யாரும் நினைவில் வைத்திராத மஞ்சள்.

டயரைக் கேட்டால் தொண்ணூற்றெட்டு என்கிறது.
என் இடது முழங்கால் போன வருஷத்துச் சரக்கு,
அதைக் கேட்டால் நான் பிறந்து பதினான்கு மாதம்.

எஞ்சின் எண்ணைத் துடைத்துப் படித்தேன்:
அறுபத்து மூன்று.
"பக்கத்துல வந்துட்டே" என்று கைதட்டினான்.
பொறு என்றேன்.
அதைத் தாங்கும் சட்டத்தில்
இரண்டு துளைகள் பிற்பாடு போட்டவை.
எங்கோ சதுப்பில் தண்ணீர் இறைத்துவிட்டு
இங்கே வந்து குடியேறிய எஞ்சின்.

வயதைத் தேட வேண்டியது
மாற்றினால் கட்டுப்படியாகாத இடத்தில்.
அட்டையை விரித்து அடியில் படுத்தேன்.
மண்ணெண்ணெய், கம்பி பிரஷ், டார்ச்.
கியர் பெட்டியின் வயிற்றிலிருந்து
எத்தனையோ கோடைகளின் புல், கிரீஸோடு சேர்ந்து
ஈரக் காப்பித்தூளாய் உதிர்ந்து
என் காதுக்குள் போனது.
வார்ப்பிரும்பில் எழும்பி நின்றது:
எச். இருபத்தாறு. ஆறு.

எட்டாவது எழுத்து, எட்டாவது மாதம்.
கடைசி ஆறு, அறுபத்தாறா எழுபத்தாறா?
அச்சு வார்த்தவனுக்கு
பத்து வருஷம் கழித்து எவன் கேட்கப்போகிறான் என்ற நினைப்பு.
ரிவெட் துளைகள்தான் தீர்த்துவைத்தன.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு, ஆகஸ்ட் இருபத்தாறு.
வெள்ளிக்கிழமை.
சம்பள நாளாகக்கூட இருந்திருக்கும்.

கர்ட் சட்டைப் பையிலிருந்து ஒரு படம் எடுத்தான்.
இதே மட்கார்டு, மட்கார்டில் இதே நெளிவு,
அவன் அப்பா, அப்பா மடியில் ஒரு குழந்தை.
"இது நான். அறுபத்து நாலு ஏப்ரல்.
ஜோலீன், தான்தான்னு சொல்லுவா.
வருஷா வருஷம், நன்றி நாள் அன்னிக்கு,
வான்கோழில கத்தி வைக்கறதுக்கு முன்னாடியே."

டார்ச்சை நான் இன்னும் அணைக்கவில்லை.
அந்த வெளிச்சத்திலேயே இருவரும் பார்த்தோம்.
குழந்தை வாய் முழுக்கத் திறந்து சிரிக்கிறது.
உள்ளே ஒரு பல் இல்லை.

என் வேலை டிராக்டரோடு முடிகிறது.
சீட்டில் இரண்டு வரி எழுதினேன்:
சேசிஸ் அறுபத்தாறு.
எஞ்சின் அறுபத்து மூன்று.
"ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா?"
"அறுபத்து நாலரை" என்றேன்.
சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.

பதினெட்டு டாலர், சில்லறையாகவே கொடுத்தான்.
பட்டையை இறுக்கினான்.
வண்டிக்குள் உட்கார்ந்து போனைக் காதில் வைத்தான்,
இரண்டு மணி அடிக்கும் நேரம்.
வைத்துவிட்டான்.

சாலைக்கு ஏறும் மேட்டில்
பச்சை அடித்த அந்த மஞ்சள்
சற்றே பின்னால் சரிந்தது,
பட்டை பிடித்துக்கொண்டது.