வரைவு ஏழு

சல்மாபாத்தில் கார் பட்டறைகளுக்குப் பின்னால் எங்கள் கிளினிக்.
வெள்ளிக்கிழமை கம்பெனி பஸ் வரும்.
யார் எந்தக் காலை முதலில் கீழே வைக்கிறார்கள் என்று
ஜன்னலோரம் நின்று பார்ப்பேன்.
அதை எழுத எந்தத் தாளிலும் கட்டம் இல்லை.

முதல் வரைவில் இருந்தது:
'கடந்த நான்கு வாரங்களில்
உங்கள் முழங்கால் விட்டுக்கொடுத்ததா?'
அகராதி பார்த்து மொழிபெயர்த்தது நான்தான்.
சாரம் கட்டும் வில்லாயுதம் வாசித்துவிட்டுச் சிரித்தார்.
"விட்டுக்கொடுக்கறது நல்ல குணம்தானே மேடம்,
எம் மச்சானுக்குக் கிடையாது."
வேறெப்படிக் கேட்கலாம்?
ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு யோசித்தார்.
"வாரிவிடுதுன்னு போடுங்க.
அடுத்தவன் நம்ம காலை வாருவான், பார்த்திருக்கோம்.
இது என் காலே என்னை வாருது."

மாடிப்படியை அடித்துவிட்டு
'மேல்கட்டிலில் ஏறச் சிரமம் உண்டா?' என்று மாற்றினேன்.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.
நஸ்ருல்லா 'துளியும் இல்லை'யில் டிக் போட்டார்.
ஸ்கேனில் அவர் ஜவ்வு
ஊசி நழுவிய நூல்போலப் பிரிந்து கிடக்கிறது.
விசாரித்தால்,
கீழ்க்கட்டில் சில்ஹெட்காரருக்கு மாதம் மூன்று தினார் கொடுத்து
இடம் மாற்றிக்கொண்டாராம்.
என் கேள்வி அந்த மூன்று தினாரைத்தான் அளந்திருக்கிறது.

ஏறினீர்களா
ஏற முடிந்ததா
ஏற வேண்டியிருந்ததா
ஒரு வினைச்சொல்லோடு இரண்டு இரவு போனது.

ஐந்தாம் வரைவில் எல்லோரும் நூற்றுக்கு நூறு.
புள்ளியியல்காரர் கோபித்துக்கொண்டார்:
"அத்தனை பேரும் கூரையில் போய் இடிக்கிறார்கள்,
இந்தத் தாளை வைத்து எதை அளப்பது?"
தாளின் தலையில் இரண்டு வரி இருந்தது.
கம்பெனி பெயர். ஐடி நம்பர்.
ஐம்பதுக்குக் கீழே போனால்
ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள் என்று
பஸ்ஸில் பேச்சாம்.
இரண்டு வரியையும் வெட்டினேன்.
மறுவாரமே
இத்தனை நாள் எங்கே இருந்ததோ அவ்வளவு வலி
கட்டம் கட்டமாக வந்து உட்கார்ந்தது.

இனி ஒரு சோதனைதான் பாக்கி.
இரண்டு வாரம் கழித்து அதே தாள், அதே ஆள், அதே பதில் வர வேண்டும்.
'உங்கள் முழங்காலை எவ்வளவு நம்புகிறீர்கள்?
பூஜ்யம் முதல் பத்து வரை.'
கபடியில் ஜவ்வு கிழிந்த செங்கதிர்
அன்று எட்டு என்றார். இன்று மூன்று.
தொடையைச் சுற்றி டேப் வைத்துப் பார்த்தேன்,
ஒரு நூல்கூடக் குறையவில்லை.
மடக்கினேன், அதே நூற்று முப்பது டிகிரி.
நடுவில் என்ன ஆச்சு?
"மழை பெஞ்சுச்சே மேடம்.
பட்டறை வாசல் பூரா எண்ணெய்த் தண்ணி."

எட்டு, காய்ந்த தரையின் எட்டு.
எனக்குத்தான் தெரியவில்லை.

பதினோராம் கேள்வி இப்போது இப்படி இருக்கிறது:
'ஈரத்தரையில், யாரும் பார்க்காதபோது,
எந்தக் காலை முதலில் வைக்கிறீர்கள்?'
ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்வி கூடாது என்று
சிவப்பு மையில் திரும்பி வரும்.
தெரியும்.
அனுப்பிவிட்டேன்.