எட்டாம் மாடிக்கு இருபது டெட்ரி

விடியுமுன் நாலு பத்துக்கு விமானம்.
இன்றைக்கென்று எதையும் வைத்துக்கொள்ளவில்லை.
கோட்டை பார்த்தாயிற்று,
கந்தக வெந்நீரில் குளித்தாயிற்று,
மலையேறும் ரயிலில் இரண்டு முறை.
மிச்சம்
பாதிப் புட்டி மாதுளைச் சாறு,
கொடியில் காயாத ஒரு ஜோடி காலுறை,
சட்டைப் பை கனக்கச் சில்லறை.

திபிலிசியில் பணத்துக்குப் பெயர் லாரி.
ஒரு ரொட்டி ஒன்றரை லாரி.
முதல் வாரம் ஒவ்வொரு கடையிலும் சிரித்தேன்.
பதினோரு வாரத்தில் சிரிப்பு தேய்ந்து
வெறும் விலையாகிவிட்டது.

நோட்டென்றால் விமான நிலையத்தில் மாற்றித் தருவார்கள்.
காசை யார் சீந்துவார்கள்?
எங்கள் லிஃப்ட் சீந்தும்.
உள்ளே ஒரு தகரப் பெட்டி.
இருபது டெட்ரி போட்டால்
இருமிவிட்டு ஏறும்.
இறங்குவது இலவசம்.

எண்ணினேன். முப்பத்தொரு காசு.
சாயங்காலம் முழுக்க லிஃப்டுக்காரனாக இருந்தேன்.

தர்பூசணியைப் பிள்ளைபோல் இடுக்கிக்கொண்டு
மூன்றாம் மாடி லமாரா.
போட்டேன்.
சைக்கிளை நிமிர்த்திப் பிடித்தபடி தோர்னிகே,
சக்கரம் என் முழங்காலில்.
போட்டேன்.
எங்கோ துக்கம் விசாரித்துத் திரும்பும் நால்வர்,
கறுப்பு உடுப்பு, வெங்காய வாசனை.
ஆறு என்று விரல் காட்டினார்கள்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஐந்தாம் மாடி குராம் மட்டும்
என் கையை மடக்கி
உள்ளே இரண்டு காசை அழுத்தினார்.
விருந்தாளி கொடுப்பதா என்று கேட்டிருப்பார்;
அவ்வளவு பாஷை எனக்கு ஏறவில்லை.
தீர வேண்டியது கூடிப்போனது.

கதவு திறந்தால்
மாமா, மாமா என்று கத்திக்கொண்டு
ஒரு வாண்டு ஓடி வருகிறது.
இங்கே மாமா என்றால் அப்பா.
தெரியும். தெரிந்தும்
ஒரு நொடி குனிந்துவிட்டேன்.
என்னைச் சுற்றிக்கொண்டு
சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தது.

இரவு ஒன்றரை.
சாவியை மீட்டர் பெட்டிக்கு அடியில் வைத்து
பெட்டியோடு கீழே வந்து
டாக்ஸிக்கு நிற்கையில் ஞாபகம் வந்தது
காலுறை.

பையைத் துழாவினேன்.
ஒரு காசில்லை.

பதினோரு வாரத்தில் முதல்முறை, படி.
மூன்றில் தர்பூசணித் தோல் வாளி.
ஐந்தில் குறட்டை, குராமாக இருக்கலாம்.
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே
சுவரில் யாரோ கரியால் எழுதியிருந்தார்கள்.
மூச்சு வாங்க நின்று
எழுத்துக் கூட்டிப் படித்தேன்,
எல்லா எழுத்தும் தெரிந்தது.
என்ன சொல் என்று தெரியவில்லை.

கீழே டாக்ஸி ஹாரன் அடித்தது.

காலுறை இன்னும் காயவில்லை.
ஈரத்தோடே மாட்டிக்கொண்டேன்.