ஆள் விழாமல்

"ஆள் யாரும் விழக்கூடாது" என்றார் வங்கிக்காரர்.
எந்திரம், கூரை, சுவர், எடைமேடை,
ஏலத்துக்கு நாற்பது படம் போதும்.
கல்யாணம், காதுகுத்து எடுக்கிறவன் நான்.
முகம் இல்லையென்றால்
எதில் ஃபோகஸ் வைப்பது?

சந்தூர் ரோட்டில் மாங்கூழ் ஆலை.
பூட்டி ஒன்பது வருஷம்.
பாய்லர் வயிற்றுக்குள் மைனாக் குடும்பம்.
கொட்டை கொட்டிய குழியில்
யாரும் நடாத பெங்களூரா ஒன்று
கூரைத் தகரத்தை முட்டிக்கொண்டு காய்த்திருந்தது.

தோல் சீவும் கூடத்தில்
இடுப்புயரச் சுவரெல்லாம் கரிக்கோடு.
நான்கு நின்று ஒன்று படுத்து
நான்கு நின்று ஒன்று படுத்து
ஓரிடத்தில் மூன்று மட்டும் நின்று.
அழுக்கு என்றுதான் நினைத்தேன்.
வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது, அதனால் எடுத்தேன்.
கணக்கில் சேராத நாற்பத்தொன்றாவது.

கேட்டில் மறித்தார்கள்.
"எங்கள ஒண்ணு எடுப்பா" என்றார் குர்ஷித்.
கூடாதாம் என்றேன்.
"அப்ப எடுத்ததக் காட்டு."

கேமராவின் சின்னத் திரைமேல் மூன்று தலைகள்.
பாய்லர். தள்ளு.
எடைமேடை. "அது பொய் சொல்லும், தள்ளு."
சுவர் வந்ததும்
மாதேவியின் விரல் நின்றது,
மாம்பால் பட்டு வெந்து கறுத்த விரல்.
"பெருசு பண்ணு."
பண்ணினேன்.
"இன்னும்."
உதடு அசைய எண்ணினாள்.

"கடைசி சீசன்.
ஒரு கோடு ஒரு கிரேட்டு.
இதுவரைக்கும் கூலி வந்துச்சு.
இங்கேர்ந்து வரல."
விரலுக்குக் கீழே
திரை முழுக்கக் கோடுகள்.

அடுத்த வாரம் பொக்லைன் வந்தது.
முதலில் அந்தச் சுவர்தான்.
இப்போது அங்கே மஞ்சள் கொடிகள்,
முப்பதுக்கு நாற்பது மனைகள்,
நுழைவு வளைவில் ஒரு நகரின் பெயர்.
பெங்களூராவை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்,
விளம்பரத்தில் நிழலுக்கு.

வங்கியிலிருந்து எனக்கும் பணம் வரவில்லை.

பன்னிரண்டுக்குப் பதினெட்டில்
மூன்று பிரிண்ட் போட்டேன்.
பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில்
பெயர் பெயராக எழுதினார்கள்,
ஓசூருக்கு வேலைக்குப் போனவர்கள்,
செத்துப்போன சாக்கம்மா,
இன்னும் கேஸ் நடத்தத் தெம்பிருக்கிறவர்கள்.
இடம் பற்றாமல் ஓரத்தில் குறுக்கே இரண்டு பேர்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில்
மனுவோடு நீட்டினாளாம் மாதேவி.
அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"வெறும் சுவரா இருக்கேம்மா,
படத்துல ஆளையே காணோமே" என்றாராம்.

"எண்ணிப் பாருங்க சார்."