கேக்குதோ

நாவாந்துறைக் கோயிலில் ஒலிபெருக்கி இரைகிறது எண்டு
திருநாளுக்கு முதல்நாள் மத்தியானம் கூப்பிட்டார்கள்.
ஏணியும் டெஸ்டருமாய் நான் போனபோது
உள்ளே கூட்டம்.

மாதாவின் முடிக்கு ரொறன்ரோவிலிருந்து காசு வந்திருக்கிறது:
ஓடித்திரியும் விளக்கா, எரிந்து நிற்கும் விளக்கா?
கூட்டுக்கு முன்னால் போவது
இளைஞர் மன்றமா, மரியாயின் சேனையா?
ஒன்பதாம் நாள் மன்றாட்டு மாலையில்
எந்தப் புனிதரை விட்டுவிட்டார்கள், ஆர் விட்டது?

வஸ்தியாம்பிள்ளை மேசையில் தட்டினார்.
நீக்கிலாப்பிள்ளை தன் ராஜினாமாக் கடிதத்தை
நாலாவது தடவையாகப் பையிலிருந்து எடுத்தார்.
சுவாமி தண்ணீர் குடித்தார்.

நான் பெட்டியைத் திறந்தேன்.
ஆர் ஆரோ வந்து முறுக்கிவிட்டுப்போன வயர்கள்.
இடம்பெயர முதல் ஒருவன் போட்ட முடிச்சு,
திரும்பி வந்தபிறகு அதன் மேல் இன்னொருவன் போட்டது,
வெள்ளிவிழாவுக்கு ஒன்று,
மேற்றிராணியார் வந்த வருடம் மூன்று.
பாதிக்கு மேல் எங்கேயும் போகவில்லை.
ஆனாலும் டேப் சுற்றி, நிறம் பிரித்து,
வெகு பக்தியாய் இருந்தன.

எனக்கு இது தெரியாத விசயமில்லை.
தம்பி வீட்டுக்குத் திரும்பாத வருடம்
நேர்த்திகளை எழுத நான் ஒரு கொப்பி வைத்திருந்தேன்.
மடுவுக்கு நடை.
செவ்வாய் ஒருசந்தி.
பிரதி எடுத்து ஒன்பது வீட்டில் போடவேண்டிய செபம்.
எட்டுத்தான் போட்டேன்.
அந்த ஒன்பதாவது வீட்டை நினைத்து
ஒரு மாதம் நித்திரையில்லை.
மெழுகுதிரிக் கணக்கு, உண்டியல் கணக்கு,
சொல்லி முடித்த செபமாலைக்குக் கோடு கோடாய்.
கொப்பி நிரம்பியபோது பார்த்தேன்,
தம்பியின் பெயர் அதில் ஒரிடத்திலும் இல்லை.

அதற்குப் பிறகு
கோயிலுக்கு நான் கூலிக்குத்தான் வருகிறேன்.

பக்கக் கதவால் பிலோமினா வந்தாள்.
மீன்கடகம் வெளியே, பூனைக்குப் பயந்து
ஒரு கண்ணும் வெளியே.
முழங்கால் போடவில்லை, மடக்க ஏலாது.
தூணைப் பிடித்துக்கொண்டு
கூட்டத்தைவிடக் கொஞ்சம் மெதுவாய்ச் சொன்னாள்:

"வந்திட்டன் ஆண்டவரே.
மூண்டு கிலோ விக்கேல்லை.
சின்னவளுக்கு இன்னும் காய்ச்சல் விடேல்லை.
உமக்குத் தெரியும்.
போட்டு வாறன்."

நெற்றி, நெஞ்சு, தோள், தோள்.
ஒரு நிமிசம் இருக்காது.

அவளைப் புனிதை எண்டு சொல்லவரவில்லை.
போன கிழமை, முந்தநாள் பாரையை
இண்டைக்குப் பட்டது எண்டு என் தலையில் கட்டினவள்.
ஆனால் "உமக்குத் தெரியும்" என்றாளே,
அதோடு நிறுத்தினாள்.
தெரிந்தவருக்கு மேற்கொண்டு விளக்கவில்லை.
அந்த இடத்தில் என் கை நின்றுபோனது.

பிறகு வெட்டினேன்.
வெள்ளிவிழாவை வெட்டினேன்,
மேற்றிராணியாரை வெட்டினேன்.
"எல்லாத்தையும் கழட்டிறாய், வேலை செய்யுமே?"
வஸ்தியாம்பிள்ளை பதறினார்.
போக ஒன்று, வர ஒன்று.
அதற்கு மேல் ஒரு விளக்குக்கும் தேவையில்லை, ஐயா
என்று சொன்னேன்.
விளக்கைத்தான் சொன்னேன்.

இரைச்சல் நின்றது.
சுவாமி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.
கூட்டம் முடிவில்லாமல்
தேத்தண்ணிக்குக் கலைந்தது.

கோயிலில் நானும் மைக்கும்.
ஆட்கள் இருக்கும் பக்கம் பார்த்துத்தான் சோதிக்க வேண்டும்.
பதினேழு வருடமாய் ஒரு வார்த்தை பேசாத பக்கம்
எப்படித் திரும்பினேன் என்று தெரியாது.
நற்கருணைப் பேழைக்கு முன்னால்
அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு,
ஓடித்திரியாமல்.

"ஹலோ.
ஒண்டு.
ரெண்டு."

மூண்டு வரவில்லை.
தம்பியின் பெயர் வந்தது.
சுவரெல்லாம் பட்டு,
யன்னலால் கடல்பக்கம் போனது.

"கேக்குதோ?" என்றேன்.

ஒழுங்கையிலிருந்து பிலோமினா கத்தினாள்:
"கேக்குதடாப்பா, கேக்குது.
இனி மெல்லமாய்ச் சொல்லு."