இரண்டு ஏ பி

குவோபியோ மருத்துவமனையின் நிலவறையில்
மதியம் மூன்றுக்கே இருட்டிவிட்டது என்று
மேலிருந்து வருபவர்கள் சொன்னால்தான் தெரியும்.
ஏரி உறைய இன்னும் இரண்டு வாரம்.

வெய்யோ தீஹோனென், மரலாரி ஓட்டுபவர்,
பெல்ட்டையும் சில்லறையையும் தட்டில் போட்டார்.
இடுப்பில் இருப்பதைப் போட முடியாது.
இடது எஃகு, லாரியடியில் பனி வழுக்கிய வருடம்.
வலது, பதிமூன்று வருடம் கழித்து.

வளையம் சுற்றி நின்றது.
திரையில் இரண்டு வெள்ளை வட்டங்கள்.
நடுவே ஒரு கறுப்புப் பட்டை,
மருத்துவர் பார்க்கக் கேட்ட
அதே இடத்தின் மேல்.

"எந்தக் கால் கெடுக்குது?"
எதுவும் இல்லை, என்றேன்.
ஆள் நம்பவில்லை.

கதிருக்கு ஒரே நிறம் என்பது கருவியின் நம்பிக்கை.
கதிரோ பல நிறக் கும்பல்.
மெலிந்தவை எஃகிலேயே விழுந்துவிட
வலுத்தவை மட்டும் மறுகரை வந்து
வழி ஒன்றும் அவ்வளவு கஷ்டமில்லை என்கின்றன.
பிழைத்தவர்களின் வாக்குமூலத்துக்கு மடக்கை எடுத்து
கருவி படம் வரைகிறது.

அந்தப் பிழையை விரித்தால்
முதலில் வருவது ஒரு வர்க்கம்:
எட்டாம் வகுப்பில் எல்லோரும் ஒப்பித்ததுதான்.
ஏ வர்க்கம் தன் வட்டத்தோடு அடங்கிவிடும்.
பி வர்க்கமும் அப்படியே.
நடுவில் வரும் இரண்டு ஏ பி
வெளியே வந்து கோடு போடும்,
இரண்டையும் ஒருசேரத் தொட்டுப் போகும்
தொடுகோடுகளின் வழியே மட்டும்.

ஒரே உடம்பில் இத்தனை காலம்
ஒன்றையொன்று தொட்டதே இல்லை அவை.

"அழிச்சிடலாமே?"
அழிக்கலாம். எஃகின் நிழலை வெட்டி
வெட்டிய இடத்தை அக்கம்பக்கத்து எண்களால் தைத்தால்
பட்டை போய்விடும். அங்கே
சாம்பல் நிறத்தில் ஒரு திசு வரும்,
மிருதுவாக, நம்பும்படியாக.
அது வெய்யோவுடையது அல்ல.
என்னுடையது.

அவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார்,
ஒரு துளை தள்ளி.

மாடியிலிருந்து டாக்டர் சிர்க்கு லாப்பி அழைத்தாள்.
"அந்தக் கறுப்புக்குள்ளே என்ன இருக்கு?"

தெரியாது, என்றேன்.
"தெரியாதா, இல்லை, இன்னும் தெரியலையா?"

இந்தப் படத்திலிருந்து தெரியாது.
அதை நிரூபிக்கத்தான்
எனக்கு மூன்று வருடம் ஆயிற்று.
அவள் ஊசிக்கு நாள் குறித்தாள். வியாழன், எட்டரை.
வெய்யோ கேட்டது ஒன்றுதான்:
அன்றைக்கு லாரியை எங்கே நிறுத்துவது.