இன்னும் கொஞ்சம் வரலாம்

சசுவோலோவில் நாற்பத்தொரு வருடம் ஓடு சுட்டேன்.
குளியலறை ஓடு, பள்ளிக்கூட நடை ஓடு,
பாலெர்மோவில் ஒரு பிணவறைக்கு வெள்ளை ஓடு.
மார்ச்சில் சூளையை விற்றேன்.
நவம்பரில், மூடுபனி வயலிலிருந்து சாலைக்கு ஏறிய காலையில்
டிர்ச்சே மோன்டோர்சியின் கொட்டகையில் நிற்கிறேன்,
சட்டைப்பையில் காசோலைப் புத்தகம்,
இடது முழங்காலில் டைட்டானியம்.

இரண்டு வண்டிகள்.
மஞ்சள் கவுன்டாஷ், எழுபத்தொன்பதில் பிறந்தது.
சிவப்பு டெஸ்டரோசா, அதற்கு ஆறு வயது இளையது.
நடுவில் ஓர் எண்ணெய்ப் பீப்பாய், அதன்மேல் பூனை.
மதிலில்லை, எந்தப் பக்கமும் குதிக்கிற எண்ணமும் அதற்கில்லை.
குதிக்க வேண்டியவன் நான்தான்.

டிர்ச்சேவுக்கு விற்கத் தெரியாது. குறைகளைத்தான் சொல்வாள்.
"சிவப்புக்குப் பட்டை மாற்றணும்னா எஞ்சினையே வெளியே எடுக்கணும்,
சில வருடத்துக்கு ஒரு தரம். பிரசவம் மாதிரி.
மஞ்சளுக்குச் சங்கிலி. அந்தச் செலவு இல்லை.
ஆனால் கிளட்ச்..."
என் முழங்காலைப் பார்த்தாள்.
மிச்சத்தைச் சொல்லவில்லை.

முதலில் சிவப்பு.
செர்ரமத்சோனி மேட்டை அது மேடென்றே மதிக்கவில்லை.
பன்னிரண்டு சிலிண்டரும் ஒரே குரலில்,
நன்றாகச் சாப்பிட்டு எழுந்த பாதிரிமார்களைப் போல.
தூணின் பாதியில் முளைத்த ஒற்றைக் கண்ணாடி
நான் கடந்த வளைவுகளைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டு வந்தது.
எட்டாவது கிலோமீட்டரில் கவனித்தேன்,
விற்றுவிட்ட சூளைக்கு வரவேண்டிய பாக்கியை
மனதுக்குள் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.
அவ்வளவு சௌகரியம்.

பிறகு மஞ்சள்.
கதவை வானத்துக்குத் தூக்கினாள்.
காளை பொறித்த மூக்கைத் தட்டி
"ஏறு" என்றாள்.
பெயரும் வினையும் ஒரே சொல்லில்.
நான் ஏறவில்லை, விழுந்தேன்.
ஜன்னல் ஒரு கை நீள்கிற அளவே இறங்கியது.
பெட்ரோல், என் வியர்வை, யாரோ புகைத்த பழைய சுருட்டு.
ஒற்றைக் காலால் சூளைக் கதவைத் தள்ளுவது போல
அந்தக் கிளட்ச்.
பின்பக்கம் தெரிவது ஒரு கீற்று,
தபால் பெட்டியின் வாய் அளவு,
அதிலும் பனி.
நாற்பத்தொரு வருடம் அதற்குள் நுழையவே முடியவில்லை.

ஃபொர்மிஜீனே ரயில்வே கேட்டில் அணைந்தது.
சாவியைத் திருப்பினேன், இருமியது.
மறுபடி திருப்பினேன், இருமக்கூட இல்லை.
பின்னால் ஹார்ன்.
பன்றி ஏற்றிய லாரியிலிருந்து ஒருவன் இறங்கினான்.
பை மாட்டிய இரண்டு பள்ளிப் பெண்கள்.
பாலாடைக்கட்டிப் பண்ணையின் தலைப்பாகைக்காரர்.
"எதைப் பிடித்துத் தள்ளுவது?" என்றார் அவர்.
நியாயமான கேள்வி. அந்த உடம்பில் ஒரு பிடிகூட இல்லை.
உள்ளங்கைகளை அப்படியே வைத்துத் தள்ளினார்கள்.
மஞ்சள் ஈரத்தில் எட்டுக் கைகளின் அச்சு.
நான் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டே சிரித்தேன்,
சத்தமாக, அறுபத்தெட்டு வயதில்,
இருமலா சிரிப்பா என்று ஒரு பெண் குனிந்து பார்க்கும் அளவுக்கு.

"நிஜமாகவா?" என்றாள் டிர்ச்சே,
நான் கையெழுத்துப் போடும்போது.
பூனை எழுந்து போய்ச் சிவப்பின்மேல் படுத்தது.
அதில் இன்னும் சூடு இருந்தது.

எங்கள் சந்தில் பின்பக்கமாகத்தான் உள்ளே விட முடியும்.
கதவைத் தூக்கினேன்.
வாசல் விளிம்பில் பாதி உட்கார்ந்து,
பாதி உடம்பைத் தெருவுக்குக் கொடுத்து,
கழுத்தைத் திருப்பினேன்.
இந்த வண்டி அப்படித்தான் பின்னே போகும்.
நெரினா அங்கே நின்றாள், கையில் அடுப்புத் துணி.
"இன்னொன்றில் கண்ணாடியாவது இருந்ததாமே."
சூளை போனதிலிருந்து
ஒரே மேசையில் இரண்டு வானொலிகள் நாங்கள்.

துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள்.
மாதுளைக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்று
கையை உயர்த்தினாள்.

வா.
இடது பக்கம் ஒடி.
உன் இடது இல்லை, என் இடது.
வா, வா.

முழங்காலில் தீ.
சுவருக்கு ஒரு சாண்தான் இருக்கும்,
இன்னும் கொஞ்சம் வரலாம் என்றாள்.